விமானிக்குக் குறுக்கு விசாரணை!

காலை மணி 8.

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில், ஒரு சிறிய விமான மைதானம். பெரிய ஜெட் விமானங்கள் அங்கே இறங்குவதில்லை. நாலு பேர் உட்காரக்கூடிய சின்னஞ்சிறு விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் தகரக் கொட்டகை. அதை ஒட்டி ஒரு அறை. அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள்.

ஒரு நாற்காலியில் தலை நரைத்த பரீட்சை அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு இளம் பெண். வயது 22. அவளுக்கு முன்னால் தடித்த சட்டப் புத்தகம், வரைபடங்கள், விமானத்தைப் பழுது பார்த்த விவரம் எழுதிய நோட்டுகள், இதுவரை பறந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் குறித்து வைத்த கணக்குப் புத்தகம்.

அதிகாரி ஒரு வாய் காப்பி குடிக்கிறார். பிறகு சாவகாசமாக முதல் கேள்வியைப் போடுகிறார்:

"இன்று சாயங்காலம் உங்களுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளைக் காலையில் ஒரு வியாபாரி டெலிபோன் செய்கிறார். 'நானும் என் கூட்டாளியும் 200 மைல் தள்ளியுள்ள ஊருக்குப் போகவேண்டும். ஒரு விமானம் கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டு போங்கள். கேட்ட பணம் தருகிறேன்' என்கிறார். போவீர்களா?"

கேட்பதற்கு எவ்வளவு சுலபமான கேள்வி! பணம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டுவதற்காகத்தானே இந்த லைசென்ஸே! ஆனால் 'ஓ, போவேன்!' என்று அவள் சொல்லிவிட்டால், பரீட்சை அங்கேயே கவிழ்ந்துவிடும்.

இது யாரோ ஒரு பெண்ணின் தனிக் கதை அல்ல. கூலிக்கு விமானம் ஓட்ட லைசென்ஸ் கேட்டு அமெரிக்காவில் மனுப் போடுகிற ஒவ்வொருவரும் இப்படி ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தே தீரவேண்டும். நம் நாட்டிலிருந்து அங்கே போய்ப் பயிலும் வாலிபர்களும் அந்த லைசென்ஸைக் கேட்டால் இதே நாற்காலிதான்.

முதலில் வாய், பிறகு வானம்

பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அங்கே ஒரு லைசென்ஸ் உண்டு. அதை வைத்துக்கொண்டு சம்பாதிக்கக் கூடாது. சம்பளத்துக்கு ஓட்ட விரும்பினால் தொழில் விமானி லைசென்ஸ் வேண்டும். அதற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 250 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சர்க்கார் அங்கீகாரம் பெற்ற சில பள்ளிகளில் படித்தவர்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. இந்த 250 மணியில் 100 மணி நேரம், விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத நீண்ட பிரயாணம் ஒன்றும் போய் வந்திருக்க வேண்டும். இரவிலும் பறந்து பழகியிருக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு எழுத்துப் பரீட்சை. 100 கேள்விகள். 70 மார்க்கு வாங்கினால் பாஸ்.

அதற்கும் பிறகு வருவதுதான் செய்முறைப் பரீட்சை. அதில் இரண்டு பாகம். முதலில் மேஜைக்கு முன்னால் வாய்மொழிக் கேள்விகள். அதில் தேறினால்தான் வானத்தில் பறந்து காட்டுவது. வாயில் தோற்றவர் அன்றைக்கு என்ஜினைக் கிளப்பாமலே வீட்டுக்குத் திரும்ப நேரலாம்! கேள்விகள் சாதாரணமாக இரண்டு மணி நேரம் நடக்கும். அதற்கு மேலும் இழுப்பதுண்டு.

பரீட்சை அதிகாரிகளில் பெரும்பாலோர் சர்க்கார் சம்பளக்காரர்கள் அல்ல. நெடுநாள் அனுபவமுள்ள விமானிகளைப் பொறுக்கியெடுத்து, எப்.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் விமான இலாகா இந்தப் பொறுப்பை ஒப்படைக்கிறது. பரீட்சைக் கட்டணத்தை அவர்களே நிர்ணயித்துக்கொள்கிறார்கள். ஆயிரம் டாலர் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

கட்டணம் போனாலும் போகட்டும். தோல்வி என்பது ரிக்கார்டில் ஏறிவிடுகிறதே, அதுதான் பெரிய கவலை.

2009-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இரவு, பபலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரயாணி விமானம் வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் மாண்டார்கள். வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார். விமானத்தின் கேப்டன் முன்பு பல பரீட்சைகளில் தவறியவர் என்பதும், அவற்றில் சிலவற்றை வேலைக்கு மனுப் போட்டபோது சொல்லவில்லை என்பதும் பிறகு விசாரணையில் வெளிவந்தன. 2010-ல் இதற்கென்று சட்டம் செய்தார்கள். இப்பொழுது அமெரிக்க விமானிகளின் பரீட்சைத் தோல்விகளெல்லாம் ஒரே இடத்தில் பதிவாகின்றன. விமானக் கம்பெனி ஒரு விமானியை வேலைக்கு எடுத்துப் பறக்க விடுமுன் அந்தப் பதிவைப் பார்த்தாக வேண்டும்.

மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு உள்ளங்கை வியர்ப்பதில் ஆச்சரியம் என்ன? பல பதினாயிரம் டாலர் செலவழித்து இந்த நாற்காலி வரை வந்திருக்கிறாள். இன்று தவறினால், பத்து வருஷம் கழித்து வேலை கேட்கப் போகும் இடத்திலும் 'அன்றைக்கு என்ன நடந்தது?' என்று கேட்பார்கள்.

மனப்பாடம் உதவுமா?

என்ன கேட்பார்கள் என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. எந்தெந்த விஷயத்தில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று விமான இலாகா ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். வினாத்தாள் முன்கூட்டியே 'அவுட்' ஆன மாதிரிதான்! அப்படியும் தவறுகிறவர்கள் தவறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

காரணம் இதுதான். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்று பிரிவுகள் உண்டு. தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. செய்து காட்ட வேண்டியது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது: அபாயத்தை முன்கூட்டி எடை போடுவது. இந்த மூன்றாவது, மனப்பாடத்துக்கு அகப்படாது.

ஓர் உதாரணம். காற்று தூக்கித் தூக்கிப் போடும்போது விமானம் இன்ன வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. மீறினால் இறக்கைக்கு ஆபத்து. 'விமானத்தில் பாரம் குறைந்தால் அந்த வரம்பு கூடுமா, குறையுமா?' என்று அதிகாரி கேட்பார். 'குறையும்' என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். புத்தகத்தில் இருக்கிறதே! அடுத்து, 'ஏன்?' என்பார். அங்கேதான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மேடு பள்ளமான ரோட்டில் காலி லாரியில் போய்ப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பாரம் ஏற்றிய லாரி அசைந்து கொடுத்துப் போகிறது. காலி லாரியோ ஆளைத் தூக்கி வீசுகிறது. அதே பள்ளம்தான், ஆனால் உதை அதிகம். ஆகாயத்திலும் பாரமில்லாத விமானத்தை அதே காற்று அதிகமாக உதறும். அதனால் வேகத்தை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். இதை இப்படித் தன் வாயால் விளக்கத் தெரிந்தவர்களை அதிகாரி இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

ஆகவே, பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பயிற்சி கொடுத்த ஆசிரியர் தினமும் ஒரு மணி நேரம் இந்த 'ஏன்' விளையாட்டை ஆரம்பித்துவிடுகிறார். மாணவி சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் ஒரு 'ஏன்'. மூன்று 'ஏன்' தாங்காத விடையை மறுபடியும் படிக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சையில் எங்கெங்கே தவறினோம் என்பதும் மார்க்குச் சீட்டில் குறியீடுகளாக அச்சாகி வருகிறது. அதிகாரி அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தவறிய விஷயங்களைக் கட்டாயம் கேட்பார். 98 மார்க்கு வாங்கியவர் நிம்மதியாக இருக்கலாம். 71 வாங்கிப் பாஸ் செய்தவருக்குத்தான் இங்கே பாக்கி வசூல்!

புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். 'இது எனக்கு இப்போது நினைவில்லை. இந்த அத்தியாயத்தில் இருக்கிறது' என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டி எடுத்துக் காட்டினால் அதிகாரிக்குத் திருப்திதான். அதற்காகவே பக்கங்களில் கலர் கலராகத் தாள் ஒட்டி வைக்கிறார்கள். ஆனால் என்ஜின் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்கும்போது புத்தகத்தைத் தேடினால் நடக்காது. ஆகாயத்தில் தேட நேரமில்லாததை, அறையிலும் தேடக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, தெரியாததைத் தெரிந்த மாதிரி அளப்பது. கோர்ட்டில் சாட்சிக்கு வக்கீல் சொல்லிக் கொடுப்பதையேதான் இங்கே ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கிறார்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அளந்தால் அதிகாரி அந்த நூலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்.

68 ராத்தல்

பரீட்சைக்கு ஓரிரு நாள் முன்னதாகவே அதிகாரி ஒரு வீட்டுக் கணக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். 'இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இரண்டு பிரயாணிகளுடன் போகவேண்டும். ஒருவர் எடை 210 ராத்தல். இன்னொருவர் 190. பெட்டிகள் 60 ராத்தல். பெட்ரோல் டாங்க் நிரம்ப இருக்கிறது. திட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள்.'

பார்வைக்கு இது பாதை போடும் கணக்கு. உண்மையில் இது ஒரு பொறி.

நாலு ஸீட் இருப்பதால் நாலு பேர் ஏறலாம் என்று நினைப்பது கார்க்காரர்களின் கணக்கு. சின்ன விமானத்தில் அது செல்லாது. இந்தப் பெண் ஓட்டும் விமானம், ஆள், சாமான், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 880 ராத்தல்தான் தாங்கும். டாங்க் நிறைய 53 காலன் பெட்ரோல். காலனுக்கு 6 ராத்தல் வீதம் அதுவே 318 ராத்தல் ஆகிறது. மீதி 562. அவள் எடை 170. பிரயாணிகள் இருவரும் 400. பெட்டி 60. ஆக 630. கணக்கு 68 ராத்தல் உதைக்கிறது!

பெண் கணக்கை நேர் செய்து கொண்டுவந்திருக்கிறாள். 12 காலன் பெட்ரோலைக் குறைத்துவிட்டாள். மீதி 41 காலன் இந்தப் பிரயாணத்துக்கும், சட்டம் கேட்கிற உபரிக்கும் தாராளம் என்று எழுதியும் காட்டுகிறாள்.

அதிகாரி விடவில்லை. "பிரயாணி கோபித்துக்கொள்கிறார். 'பணம் கொடுப்பது நான். போகும் வழியில் பெட்ரோலுக்காக இறங்க எனக்கு நேரமில்லை. டாங்கை நிரப்பு. 68 ராத்தல் என்ன பெரிய எடை? ஒரு சின்னப் பையன் கனம்' என்கிறார். என்ன செய்வீர்கள்?"

"வழியில் இறங்கத் தேவையே வராது என்று கணக்கைக் காட்டுவேன். அப்படியும் கேட்காவிட்டால் பெட்டியை இறக்கச் சொல்வேன்."

"அதற்கும் சம்மதிக்கவில்லை."

"அப்படியானால் விமானம் புறப்படாது."

அதிகாரி காகிதத்தில் ஏதோ குறித்துக்கொள்கிறார்.

கொலராடோவில் இந்த 68 ராத்தல் சில்லறைச் சங்கதி அல்ல. அந்த மாநிலத்தில் லெட்வில் என்ற மலை ஊரில் உள்ள விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே மிக உயரமானது அதுதான். அங்கே காற்று மெல்லியது. வெயில் ஏறினால் இன்னும் மெலிந்துவிடும். 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் உள்ள நாளில், அங்கே தரையில் நிற்கும் விமானம் சுமார் 13,500 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் திணறும். என்ஜினுக்கு மூச்சு குறைவு. இறக்கைக்குப் பிடிமானம் குறைவு. கடலோரத்தில் குதித்து எழும்புகிற விமானம், இங்கே ஓடுபாதையின் கடைசி வரை ஓடியும் மேலே கிளம்பாமல் போகலாம். அளவுக்கு மேல் பாரமும் இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை.

178 விநாடி

அடுத்தபடியாக மேகம்.

1954-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் ஒரு சோதனை நடத்தினார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரைப் பறக்க வைத்து, மேகத்துக்குள் புகுந்த மாதிரி வெளிப்பார்வையை மறைத்தார்கள். இருபது பேரில் ஒருவராவது விமானத்தைச் சரியாகக் காப்பாற்றினாரா? இல்லை! எல்லாருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி எவ்வளவு நேரம் தாங்கினார்கள் தெரியுமா? 178 விநாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை!

கண் மறைந்தால் காது ஏமாற்றுகிறது. விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவருக்கு நேராகப் போவது போலவே இருக்கும். இதனால்தான், கருவிகளைக் கொண்டு ஓட்டும் தகுதியைத் தனியாகப் பெறாத தொழில் விமானி, கூலிக்குப் பிரயாணிகளை ஏற்றி இரவில் பறக்கக் கூடாது. பகலிலும் 50 கடல் மைலுக்கு மேற்பட்ட பிரயாணம் போகக் கூடாது.

அதிகாரி இந்த விதியை ஒப்பிக்கச் சொல்வதில்லை. 'உங்கள் முதலாளி அவசரப்படுகிறார். மேகம் தாழ்ந்து வருகிறது. நேற்று இதே மாதிரி மேகத்தில் இன்னொரு பைலட் போய்வந்தாரே என்கிறார். என்ன சொல்வீர்கள்?' என்று கேட்கிறார்.

பெண் வானிலைக் குறிப்பை எடுத்துப் படிக்கிறாள். எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் மேகம் என்று விரலால் தொட்டுக் காட்டுகிறாள். எந்த இடம் தாண்டியதும் திரும்பிவிடுவேன் என்பதையும் வரைபடத்தில் காட்டுகிறாள்.

டாக்சியா, சொந்தக் காரா?

இப்பொழுது அந்த டெலிபோன் வியாபாரியிடம் திரும்புவோம். 'கேட்ட பணம் தருகிறேன், விமானம் கொண்டு வாருங்கள்' என்றாரே, அவருக்கு என்ன பதில்?

நம் ஊர் வழக்கைக்கொண்டு பார்த்தால் விளங்கிவிடும். டிரைவிங் லைசென்ஸ் உள்ள ஒருவர், முதலாளியின் சொந்தக் காரைச் சம்பளத்துக்கு ஓட்டலாம். ஆனால் அதே ஆள் ஒரு சொந்தக் காரைத் தெருவில் நிறுத்தி, 'வாருங்கள், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுகிறேன், இவ்வளவு வாடகை' என்று கூப்பிட முடியாது. அதற்கு டாக்சி பெர்மிட் வேண்டும். லைசென்ஸ் ஆளுக்கு, பெர்மிட் தொழிலுக்கு.

ஆகாயத்திலும் இதே கதைதான். பணத்துக்காக, ஆட்களையோ சாமான்களையோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தயார் என்று ஊராருக்குக் காட்டிக்கொண்டால், அது விமானக் கம்பெனித் தொழில். அதற்கு விமான இலாகா கம்பெனிக்குத் தனியாகச் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். விமானங்களைப் பரிசோதிப்பார்கள், விமானிகளுக்குத் தனிப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. வெறும் தொழில் விமானி லைசென்ஸ் அதற்குப் போதாது.

மேஜையில் விசாரணை சூடு பிடிக்கிறது.

கேள்வி: வியாபாரியிடமே சொந்த விமானம் இருக்கிறது. ஓட்ட ஆள் மட்டும் வேண்டும் என்கிறார்.

பதில்: சம்பளத்துக்கு ஓட்டலாம்.

கேள்வி: விமானம் அவருடையது அல்ல. உங்கள் சிநேகிதருடையது. நீங்கள் சொன்னால் இனாமாகவே தருவார்.

பதில்: விமானம், விமானி இரண்டையும் சேர்த்து ஏற்பாடு செய்கிறவள் நான்தானே? கூடாது.

கேள்வி: ஒருவருக்குத் தன் நிலத்தை ஆகாயத்திலிருந்து போட்டோ எடுக்கவேண்டும்.

பதில்: செய்யலாம். அது ஆளை ஓரிடம் கொண்டுபோய் விடுகிற வேலை அல்ல. பயிருக்கு மருந்து தெளிப்பது, விளம்பரத் துணியை இழுத்துப் பறப்பது இவையும் அந்த ரகம்தான். அந்தந்த வேலைக்குரிய தனி விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு அதே மைதானத்தில் இறக்கிவிடுவது?

பதில்: 25 மைல் சுற்றளவுக்குள் செய்யலாம். ஆனால் முன்கூட்டி விமான இலாகாவிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்.

கேள்வி: காசே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பறக்கும் மணிக்கணக்கு ஏறினால் போதும் என்று இனாமாக ஓட்டினால்?

இது கொஞ்சம் கடினமான கேள்வி. பெண் யோசிக்கிறாள். சட்டப் புத்தகத்தின் மேல் கை வைக்கிறாள்; பிறகு எடுத்துவிடுகிறாள்.

பதில்: அதுவும் கூலிதான். மணிக்கணக்கு ஏறுவது விமானிக்கு லாபம். காசாக வரவேண்டும் என்பதில்லை.

சரியான விடை. விமான இலாகாவின் வியாக்கியானமும் அதுவே.

ஊராருக்குக் காட்டிக்கொள்வது என்பதற்கும் பெரிய விளம்பரம் தேவையில்லை. கடைச் சுவரில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினாலும் போதும். 'அவரைக் கேட்டால் கொண்டுபோய் விடுவார்' என்று ஊரில் பேர் வாங்கிவிட்டாலும் போதும். பொழுதுபோக்கு விமானிகள் தங்கள் பிரயாணத்தை இன்டர்நெட்டில் அறிவித்து, பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ள ஆள் சேர்க்க ஒரு கம்பெனி வழி செய்து கொடுத்தது. விமான இலாகா கூடாது என்றது. கம்பெனி வழக்குப் போட்டது. 2015 டிசம்பரில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட் இலாகாவின் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஸாலாவின் கடைசிப் பிரயாணம்

இதெல்லாம் வெறும் வக்கீல் பேச்சு என்று சில மாணவர்கள் நினைப்பதுண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் ஒன்று ஐரோப்பாவில் நடந்தது.

எமிலியானோ ஸாலா என்பவர் அர்ஜென்டினா நாட்டுக் கால்பந்து வீரர். வயது 28. பிரான்ஸில் நான்ட் நகரத்துக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவரை, பிரிட்டனின் கார்டிப் நகரத்துக் குழு ஒன்றரைக் கோடி பவுன் கொடுத்து எடுத்துக்கொண்டது. பழைய தோழர்களிடம் விடைபெற்றுக்கொள்ள நான்ட் போயிருந்தார். 2019 ஜனவரி 21-ந் தேதி இரவு அவரைக் கார்டிபுக்குக் கொண்டுவர ஒரு சிறிய விமானம் ஏற்பாடாயிற்று. ஒற்றை என்ஜின் விமானம். அமெரிக்காவில் பதிவானது.

விமானம் கார்டிப் போய்ச் சேரவில்லை. கெர்ன்ஸி தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. ஸாலாவின் சடலம் கடலடியில் கிடந்த விமானத்திலிருந்து எடுக்கப்பட்டது. விமானியின் சடலம் அகப்படவேயில்லை.

2020 மார்ச்சில் பிரிட்டிஷ் விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. ஓட்டியவரிடம் கூலிக்குப் பிரயாணிகளை ஏற்றும் லைசென்ஸ் இல்லை. இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. போதாதற்கு, என்ஜின் புகையிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு விமானத்துக்குள் கசிந்திருக்கிறது. ஸாலாவின் ரத்தத்தில் அது 58 சதவிகிதம் கலந்திருந்தது. பிரயாணத்தை ஏற்பாடு செய்தவர், விமானத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று 2021 அக்டோபரில் கார்டிப் கோர்ட்டில் குற்றவாளியாகத் தீர்மானிக்கப்பட்டார். அடுத்த மாதம் அவருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கூலி வாங்கலாமா என்ற முதல் கேள்விக்கும், அந்த விஷ வாயுவைப் பற்றிய கேள்விக்கும் மேஜையில் அதிக தூரமில்லை. 'குளிர் அதிகம். ஹீட்டரைப் போட்டிருக்கிறீர்கள். பின் ஸீட்டுப் பிரயாணி தலைவலி என்கிறார். உங்களுக்கும் லேசாக மயக்கம். என்ன நடக்கிறது?' என்று அதிகாரி கேட்பார்.

சின்ன விமானங்கள் பலவற்றில், சூடேறிய புகைக் குழாயைச் சுற்றி வரும் காற்றைத்தான் ஹீட்டர் உள்ளே அனுப்புகிறது. குழாயில் ஒரு கீறல் விழுந்தால் வாயுவும் சேர்ந்து வந்துவிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. உடனே ஹீட்டரை மூடவேண்டும். வெளிக்காற்றைத் திறந்துவிட வேண்டும். பக்கத்தில் உள்ள மைதானத்தில் இறங்கிவிட வேண்டும். இந்தக் கேள்விக்கும் புத்தகத்தைப் புரட்ட அனுமதி கிடையாது.

காற்று பலத்தது

மணி பத்தரை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறார்.

"வாய்மொழியில் தேறிவிட்டீர்கள். கொஞ்சம் இளைப்பாறுங்கள். பிறகு விமானத்துக்கு வாருங்கள்."

இனிமேல் வானத்தில் செய்து காட்ட வேண்டியது. என்ஜினை இழுத்துவிட்டு, சுற்றி வந்து, குறித்த இடத்தைத் தாண்டி 200 அடிக்குள் சக்கரம் படும்படி இறக்குவது அவற்றில் ஒன்று. ஒரு மாதமாகப் பழகியிருக்கிறாள்.

அவள் வெளியே வருகிறாள். மைதானத்துக் கம்பத்தில் காற்றுப் பை விறைத்து நிற்கிறது. காலையில் அது பாதி தொங்கிக்கொண்டிருந்தது. செல்போனில் வானிலைக் குறிப்பை மறுபடியும் பார்க்கிறாள். ஓடுபாதைக்குக் குறுக்கே 20 நாட் வேகத்தில் காற்று. நடுநடுவே அதற்கு மேலும் வீச்சு. இந்த மாதிரி விமானத்தை 15 நாட் குறுக்குக் காற்றில் இறக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கம்பெனிக் கையேட்டில் உள்ள கணக்கு.

ஆசிரியர் தூரத்தில் நிற்கிறார். பரீட்சை நேரத்தில் அவர் யோசனை சொல்லக் கூடாது. அதிகாரியும் காப்பிக் கோப்பையுடன் கதவருகே நிற்கிறார். அவரும் பேசவில்லை.

கட்டணம் கட்டியாயிற்று. அதிகாரியின் தேதி கிடைக்க எத்தனையோ வாரம் காத்திருந்தாயிற்று. வீட்டில் செய்திக்காகக் காத்திருக்கிறார்கள்.

"இன்று பறக்க வேண்டாம்" என்கிறாள்.

"ஆகட்டும்" என்கிறார் அதிகாரி.

இதற்குத் தோல்விச் சீட்டுக் கிடையாது. பரீட்சையைப் பாதியில் நிறுத்தியதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். தேறிய பாகம் 60 நாள் வரை செல்லும். அதற்குள் வந்து மிச்சத்தைப் பறந்து காட்டிவிடலாம். காற்று, மேகம் காரணமாக இப்படி நின்றுபோவது அங்கே சகஜம்.

அதிகாரி உள்ளே போய்க் கடிதத்தைக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு வருகிறார். டைரியைப் புரட்டுகிறார். செவ்வாய்க்கிழமை காலை 8 மணி காலியாக இருக்கிறது.

பெண் விமானத்துக்குத் திரும்பிப் போய், இறக்கைகளுக்கடியில் கிடக்கும் கயிறுகளை எடுத்து, ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டுகிறாள்.